உறை போட்ட சிவப்புக் கார்

சாவதற்குள் ஒரு தடவையாவது தரையை ஒட்டிப் பறக்கிற காரில் போய்விட வேண்டும் என்று சோபாக் கடை மேனேஜர் முடிவெடுத்தார்.

அந்த வீட்டில் முடிவெடுப்பது அவர் வேலையே அல்ல. முடிவுகள் எடுக்கப்பட்டு, அமலுக்கும் வந்த பிறகுதான் அவர் காதுக்கு எட்டும். அதனால் இந்த ஒரு முடிவை யாரிடமும் மூச்சு விடாமல் எடுத்தார். எடுத்த கையோடு காரையும் வாங்கிவிட்டார்.

சிவப்பு நிறம். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. வயதில் அவருடைய கல்யாணத்துக்கு மூத்தது. விற்றவர் பானெட்டைத் திறந்து காட்ட வந்தார். மேனேஜர் பெருந்தன்மையாக வேண்டாம் என்று கையமர்த்திவிட்டார். அவருக்குத் தெரிந்த சோதனையை அவர் செய்தார். சீட்டை அழுத்திப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். தோலை மோந்து பார்த்தார். முதல் தரமான சோபா! வேறென்ன வேண்டும்? கிலோமீட்டர் காட்டி எந்தக் காலத்திலோ செத்துப்போய் ஒரே எண்ணில் நின்றிருந்தது. "பாத்தீங்களா சார், ஓடவே இல்ல" என்றார் விற்றவர். மேனேஜருக்குப் புல்லரித்துவிட்டது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது மனைவி கேட்டருகே நின்றிருந்தாள். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஹெட் நர்ஸ். நோயாளிகள் அவளைக் கண்டால் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள்.

"என்னங்க இது?"

"கார்."

"அது தெரியுது. யாரோடது?"

"நம்மளோடது."

அவள் கத்தவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கிய ஆளைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குனிந்து அடியில் எட்டிப் பார்த்தாள்.

"ஒழுகுது."

"ஏசி தண்ணியா இருக்கும்."

"இதுல ஏசி இருக்கா?"

இல்லை. மேனேஜர் பேச்சை மாற்றினார். "சீட்டைப் பாரு, எப்பேர்ப்பட்ட தோலு!"

"எத்தன பேர் உட்காரலாம்?"

"ரெண்டு பேர். பொண்ணுதான் ஹாஸ்டல்ல இருக்காளே, இங்க நாம ரெண்டே பேர்தானே? ரெண்டு சீட்டு போதும்!"

இந்த வசனத்தை அவர் கார் வாங்கப் போகும்போதே பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். சொன்ன விதம் அவருக்கே பிடித்திருந்தது.

ஹெட் நர்ஸ் ஒரு விரலை உயர்த்தினாள்.

"சரி, இருக்கட்டும். ஆனா ஒண்ணு. நான் உள்ள உட்கார்ந்திருக்கறப்ப இது ஒரே ஒரு தடவை நடுரோட்டுல நின்னு, நான் எறங்கித் தள்ள வேண்டி வந்துச்சுன்னா, அன்னிக்கே வித்துடணும். அப்புறம் இந்த ஜென்மத்துல கார்ப் பேச்சே எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன். நான் வெச்சுக்கற விதத்துல இது நிக்கவே நிக்காது!" என்று மார்தட்டினார் மேனேஜர்.

அன்று மாலை வந்த மைத்துனன் இந்த ஒப்பந்தத்துக்குத் தானாகவே சாட்சி ஆனான். ஹெட் நர்ஸின் தம்பி அவன். மலைச்சரிவில் வீடு கட்டிக்கொண்டு, கப்பல் மாதிரி ஒரு புதுக் கார் வைத்திருப்பவன். சிவப்புக் காரைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அத்தான், இதுல எங்க வீட்டு மேட்டுக்கு ஏறி வந்துருங்க. வந்து சேந்துட்டீங்கன்னா நான் எழுந்து நின்னு கை தட்டறேன்."

"தட்டத்தான் போற, பாரு!" என்றார் மேனேஜர். அந்தக் காரின் மேல் அவருக்கு உண்மையாகவே உயிர். சின்ன வயதில் கார் ஷோரூமின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்த ஆசை அது. அதை இழப்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

எனவே உயிரைக் கொடுத்துப் பராமரித்தார். எப்படி? கடையில் சோபாவைப் பராமரிக்கிற மாதிரிதான். அவர் கடையில் எந்த சோபாவும் வந்து இறங்கியதும் உறைக்குள் போய்விடும். பக்கத்தில் 'தயவுசெய்து உட்காராதீர்கள்' என்று அட்டை நிற்கும். உட்கார உட்காரத்தான் பொருள் கெட்டுப்போகிறது என்பது அவர் தொழில் கற்றுத்தந்த ஞானம். கடைத் தையல்காரரைப் பிடித்து, உள்ளே மெத்தென்ற துணி வைத்து, காருக்கு அளவெடுத்து ஓர் உறை தைத்துவிட்டார். வார நாட்களில் கார் உறைக்குள் தூங்கும். மேனேஜர் விடியலில் கிளம்பி இரண்டு பஸ் மாறிக் கடைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை உறையை எடுத்து, துடைத்து, பாலிஷ் போட்டு, தலையை வாரிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவார்.

முதல் ஞாயிறு, கார் விக்கியது.

அடுத்த ஞாயிறு அந்த விக்கலும் இல்லை.

"ஏங்க, நின்னுடுச்சு போலிருக்கே?"

"ரோட்டுல நின்னாத்தான் கணக்கு. இது வீட்டுக்குள்ள நிக்குது."

"வீட்டுக்குள்ள நிக்கறதுக்கு எதுக்குங்க நாலு சக்கரம்?"

அதற்கடுத்த ஞாயிறு பக்கத்துத் தெரு பேட்டரிக்காரர் தயவில் கார் கிளம்பியது. தெருமுனைவரை போயிற்று. அங்கே பானெட்டுக்குள்ளிருந்து வெள்ளைப் புகையாகக் கிளப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டது. எதிர்வீட்டுக்காரர் பின்னால் தள்ள, மேனேஜர் பக்கத்தில் தள்ள, ஊரே வேடிக்கை பார்க்க வீடு வந்து சேர்ந்தார்கள்.

"நீ உள்ள இல்லியே! அதனால செல்லாது" என்றார் மேனேஜர், வேர்வையைத் துடைத்தபடி.

"செல்லாதுதான். நான் ஒண்ணு சொல்லட்டுமா? எங்க வார்டுல ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே ஆள எழுப்பி நடக்க விட்டுருவோம். ஐயோ அம்மான்னு அலறுவாங்க. விட மாட்டோம். படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டிரும், முதுகுல புண்ணு வந்துரும். உங்க வண்டி வாரம் பூரா படுத்தே கெடக்கு."

"இது நோயாளி இல்லம்மா. ராணி!"

"ராணியா இருந்தாலும் படுத்தே கெடந்தா புண்ணு வரத்தான் செய்யும். தினமும் கடைக்கு எடுத்துட்டுப் போங்களேன்."

"தினமுமா? வெயில்ல காயவா? தூசி படிய வெக்கவா? கண்டவன் கை வெக்கவா?"

"அப்ப வார நாள்ல உங்களுக்கு இந்த வண்டி வேண்டாம். அப்படித்தானே?"

"வேண்டவே வேண்டாம்!"

"சரி" என்றாள் அவள். அந்தச் 'சரி'யில் இருந்த இனிமையைக் கேட்டாவது அவர் உஷாராகியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் மனிதருக்கு அந்த அனுபவம் போதவில்லை.

"ஒரு தடவை மெக்கானிக்கக் கூப்பிட்டுக் காட்டிரலாமா?"

"காட்டு. பெயிண்டுல மட்டும் கீறல் விழக் கூடாது."

மெக்கானிக் வந்தார். ஹெட் நர்ஸ் வார்டு ரவுண்டு போவதுபோல அவருடன் காரைச் சுற்றி வந்தாள். எது எது இன்னும் உடையவில்லையோ, ஆனால் உடையப் போகிறதோ, அதையெல்லாம் முதலில் மாற்றச் சொன்னாள். வெடித்துப்போன ரப்பர் குழாய்கள், பிசிறு விட்ட பெல்ட், தார் மாதிரி ஆன ஆயில், துருப்பிடித்த தண்ணீர். பட்ஜெட் சின்னது, பளபளப்புக்கு அதில் இடமில்லை என்று சொல்லிவிட்டாள். மேனேஜர் சக்கரத்துக்கு வெள்ளி மூடி கேட்டார். அவள் டயரைக் காட்டினாள்.

"டயருக்கு என்ன? கறுப்பா, நல்லாத்தானே இருக்கு?"

"ஒரு பல்லு கூட இல்லீங்க இதுக்கு. எப்படி ரோட்டைக் கடிக்கும்?"

டயர் வந்தது. வெள்ளி மூடி வரவில்லை. மேனேஜர் தன் கைக்காசில் ஸ்டியரிங்குக்கு ஒரு வெல்வெட் உறை வாங்கி மாட்டி மனத்தை ஆற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சாவியைத் தொட்டதும் கார் கிளம்பியது.

அதற்கடுத்த ஞாயிறும் கிளம்பியது. பிறகு எந்த ஞாயிறும் மக்கர் செய்யவில்லை. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, வெல்வெட் மகிமை!"

"ஆமாங்க" என்றாள் ஹெட் நர்ஸ்.

சில விசித்திரங்கள் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சீட்டு முன்னால் நகர்ந்திருக்கும். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். மெக்கானிக்கிடம் கேட்டார்.

"பழைய வண்டி சார். சிலது இப்படித்தான், தானா முன்னால வந்துரும்" என்றார் அவர், எங்கோ பார்த்துக்கொண்டு.

பெட்ரோல் குறையவே இல்லை. 'குடிப்பழக்கமே இல்லாத வண்டி' என்று கடை முழுக்கத் தம்பட்டம் அடித்தார். உள்ளே லேசாக ஆஸ்பத்திரி லோஷன் வாசனை வந்தது. உயர்ந்த ரகத் தோல் பழசானால் அப்படித்தான் மணக்கும் என்று கடைப்பையன்களுக்குப் பாடம் எடுத்தார். உறையின் நான்கு மூலைகளும் கத்தியால் வெட்டியதுபோல மடிந்து, இழுத்துச் செருகப்பட்டிருக்கும். அவர் வீட்டுப் படுக்கை விரிப்பும் அப்படித்தான் இருக்கும். 'பரவாயில்லையே, இவளுக்கும் வண்டி மேல பாசம் வந்துடுச்சே' என்று உள்ளம் குளிர்ந்தார்.

எதிர்வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனவர். நாள் முழுக்க மாடியில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பவர். ஒருநாள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த மேனேஜரை அவர் மேலிருந்தே மடக்கினார்.

"சார், உங்க வண்டி கெளம்பற சத்தத்த வெச்சுத்தான் நான் மாத்திரையே போட்டுக்கறேன். ஒரு நாள் தப்பறதில்ல!"

"சந்தோஷம் சார்!" என்று கையசைத்துவிட்டு ஓடினார் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்திரை போட்டுக்கொள்கிற வியாதி எதுவாக இருக்கும் என்று பஸ்ஸில் நெடுநேரம் யோசித்தார். மனைவியைக் கேட்க வேண்டும் என்று நினைத்தார், மறந்துவிட்டார்.

நம்பிக்கை முற்றிப்போன ஒரு வாரக் கடைசியில் மைத்துனனுக்குப் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வர்றோம். கைய நல்லாத் தேச்சு வெச்சுக்கோ, தட்டணும்."

மலைப்பாதை தொடங்கியதுமே மேனேஜருக்கு உள்ளூர உதறல். இந்த ஏற்றத்தில் ஒரு தடவை நின்றால் போதும், எல்லாம் முடிந்தது. பக்கத்திலேயே ஒப்பந்தம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதில் எஞ்சின் முனகியது. ஹெட் நர்ஸின் இடது கால் தரையை ஒருமுறை மிதித்தது.

"பயப்படாத. கெட்டியாப் புடிச்சுக்கோ."

"பயமில்லீங்க. செகண்டுல போடுங்க, திணறுது பாருங்க."

"உனக்கென்ன தெரியும் கியரப் பத்தி?"

"சும்மா தோணிச்சு."

தற்செயலாக அவருக்கும் அப்போது அதுவே தோன்றியது. போட்டார். கார் முனகலை விட்டுவிட்டுச் சர்ரென்று ஏறியது. வளைவுக்கு வளைவு அவர் முதுகு நிமிர்ந்தது. மைத்துனன் வீட்டு வாசலில் போய் நின்றபோது வாயெல்லாம் பல். சொன்ன சொல் தவறாமல் மைத்துனன் எழுந்து நின்று கை தட்டினான்.

"எப்படித்தான் அத்தான் மெயின்டெய்ன் பண்றீங்க?"

அவ்வளவுதான், கொடுத்த காபி ஆறிப்போனது. உறையின் தத்துவம், பாலிஷின் வகைகள், வெல்வெட்டின் மகத்துவம் என்று மேனேஜர் பிரசங்கம் நிகழ்த்தினார். "முக்கியமா ஒண்ணு. தொடக் கூடாது! தினமும் ஓட்டினா எப்பேர்ப்பட்ட வண்டியும் கெட்டுப்போயிரும்." ஹெட் நர்ஸ் தன் காபியைச் சூடாகக் குடித்துவிட்டு, தம்பியின் காருக்கு ஆயில் எப்போது மாற்றினான் என்று மட்டும் விசாரித்தாள்.

திரும்பும் வழியில் மேனேஜருக்கு இன்னும் கொஞ்சம் கைதட்டல் வேண்டியிருந்தது.

"உங்க ஆஸ்பத்திரிக்குள்ள ஒரு ரவுண்டு போலாமா? உன் கூட வேல பாக்கறவங்க எல்லாம் பாக்கட்டுமே."

"கண்டிப்பாப் போகணுமா?"

"கண்டிப்பா!"

"நீங்களா ஆசப்பட்டுக் கேக்கறீங்க. அப்புறம் என்னச் சொல்லக் கூடாது."

ஆஸ்பத்திரி கேட்டை நெருங்கினார்கள். ஹாரன் அடிப்பதற்கு முன்பே தடுப்புக் கம்பி மேலே போனது. வாட்ச்மேன் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். காரின் கம்பீரம் அப்படி என்று நினைத்து மேனேஜரும் ஒரு சல்யூட் வைத்தார்.

வாட்ச்மேன் குனிந்து, அவரைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"என்ன சிஸ்டர், இன்னிக்கு லீவுன்னீங்க? டிரைவர் வெச்சுட்டீங்களா?"

பிறகு மேனேஜர் தோளில் தட்டினார். "தம்பி, சிஸ்டர் வண்டி எப்பவும் அந்த மரத்தடியிலதான் நிக்கும். செகண்ட் கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும், பாத்துப் போடு. கீறல் ஏதாவது விழுந்துச்சுன்னா, வீட்டுல ஒரு பெரியவர் இருக்காராம், அழுதுருவாராம்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. காரை மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். சக்கரங்கள் வந்து வந்து போய் அந்த இடத்தில் புல்லே முளைக்காமல் இரண்டு தடம் விழுந்திருந்தது.

"எத்தன நாளா?"

"நீங்க வேண்டவே வேண்டாம்னீங்களே, அப்புறம் மெக்கானிக் வேலைய முடிச்ச மறுநாள்லேர்ந்து. நீங்க பஸ் ஏறினதும் எடுப்பேன். நீங்க வர்றதுக்குள்ள மூடி வெச்சுருவேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"எங்கப்பாவோட பால் வேன கல்யாணம் வரைக்கும் நான்தானே ஓட்டினேன். நீங்க ஒரு நாளும் கேக்கலியே."

"சீட்டு?"

"எனக்குக் கால் எட்ட வேண்டாமா?"

"பெட்ரோலு?"

"மழைல நெரம்புச்சுன்னு நெனச்சீங்களா? நான்தாங்க போட்டேன்."

"உறை..."

"அந்த மூலை மடிப்பப் பாத்துமா தெரியல? தினமும் நடக்க விட்டேன், சூடு பாத்தேன், எவ்வளவு குடிக்குது எவ்வளவு ஒழுகுதுன்னு பாத்தேன். தேறிடுச்சு."

கோபம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. கடைசியில் துக்கம்தான் மிஞ்சியது. "அப்ப நான் இத்தன நாள் துடச்சதுக்கெல்லாம் ஒண்ணுமே இல்லியா?" என்றார், குழந்தை மாதிரி.

ஹெட் நர்ஸ் அவர் கையைத் தொட்டாள். "யார் சொன்னது? கண்ணாடி மாதிரி இருக்குங்க. எங்க பெரிய டாக்டர் இதுல தலை வாரிட்டுத்தான் உள்ள போறாரு."

அந்த ஆறுதல் அவர் மேல் ஒட்டவில்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது முறையாக வாழ்க்கையில் ஒரு முடிவெடுத்தார்.

"நாளையிலேர்ந்து தினமும் நான்தான் ஓட்டுவேன். கடைக்கு!"

"தாராளமா ஓட்டுங்க."

வீராப்பாகச் சாவியைத் திருப்பி, வீராப்பாக வெளியே வந்தார். வாசலைத் தாண்டி மெயின் ரோட்டில் திரும்புகையில் வீராப்புக் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கியர் கரகரத்தது. கார் இரண்டு குதி குதித்துவிட்டுச் சாலையின் நட்ட நடுவில் அணைந்துபோனது.

பின்னால் ஹாரன் கச்சேரி. மேனேஜர் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துச் சாவியைத் திருப்பினார். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்ததுதான் மிச்சம். எந்த நாள் வரக் கூடாது என்று அவர் பயந்துகொண்டிருந்தாரோ அந்த நாள் வந்தேவிட்டது. நடுரோடு. நின்ற கார். உள்ளே அவள்.

"தள்ளணுமா சிஸ்டர்?" என்று வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் ஹெட் நர்ஸ். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல? நான் எறங்கித் தள்ளினா, இன்னிக்கே விக்கணும். இப்ப நான் எறங்கவா, இல்ல நீங்க எறங்கறீங்களா?"

மேனேஜர் வெல்வெட்டை ஒருமுறை தடவினார். கதவைத் திறந்தார். இறங்கினார்.

அவள் உள்ளேயே அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். சீட்டைச் சடக்கென்று முன்னால் இழுத்தாள். "மூக்கு முட்டப் பெட்ரோலக் குடிக்க வெச்சுட்டீங்க. கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்று சொல்லி, ஹாரன்களைப் பொருட்படுத்தாமல் காத்திருந்தாள். பிறகு ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்துச் சாவியைத் திருப்பினாள். கார் ஒரு தடவை தும்மிவிட்டு உறுமியது.

"ஏறுங்க" என்றாள். மேனேஜர் சுற்றி வந்து அந்தப் பக்கம் ஏறிக்கொண்டார். கார் பிழைத்தது. அது போதும் என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தார். அது பாதி உண்மையும்கூட.

தினமும் ஓட்டுகிற சபதத்தை அந்த நடுரோட்டிலேயே விட்டுவிட்டதால் மறுநாளும் மேனேஜர் பஸ்ஸுக்குத்தான் போனார். பஸ் தாமதம். ஸ்டாப்பில் ஏகப்பட்ட கூட்டம். தூரத்தில் அந்த உறுமல் கேட்டதும் மேனேஜருக்கு மனம் துள்ளியது. கோபமாவது ஒன்றாவது! சிவப்புக் கார் நேராக வந்து அவர் முன்னால் நின்றது. கூட்டமே பொறாமையோடு பார்க்க, டிபன் பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறக்கப் போனார். உள்ளே அவர் சீட்டில் அவளுடைய வார்டு நர்ஸ் ஒருத்தி சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் கண்ணாடியை இறக்க, ஹெட் நர்ஸ் எட்டி ஒரு சின்ன ரச டப்பாவை நீட்டினாள். "ரசத்த எடுக்காமயே வந்துட்டீங்க. கடைல சிந்திடாதீங்க."

"அது சரி... நான் எங்க உட்கார?"

"ரெண்டு சீட்டு போதும்னு நீங்கதானேங்க சொன்னீங்க?"